கோணான்குப்பத்துப் பாக்கி

நம் தந்தையார் வஃபாத்தானபோது அவர் விட்டுச் சென்ற பொருள்கள் அதிகமில்லை. ரிஷிவந்தியத்தில் ஓர் ஓட்டு வீடு, கடையில் கிடந்த சரக்கு, ஒரு தகரப் பெட்டி. பெட்டிக்குள் சிவப்புத் துணி அட்டை போட்ட கணக்கு நோட்டுகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு நோட்டின் முதற்பக்கத்திலும் மேலே 786 என்று எழுதி, அதன் கீழே பழைய நோட்டிலிருந்து எடுத்துவரப்பட்ட பாக்கிகளைக் குறித்திருந்தார். அந்தப் பாக்கிகளில் பல தீர்ந்து மறைந்துபோக, ஒரு வரி மட்டும் நோட்டுக்கு நோட்டு மாறாமல் வந்துகொண்டிருந்தது: "கோணான்குப்பம் கோயில்பிள்ளைக்கு நாம் தரவேண்டியது ரூ. 25."

1969இல் தொடங்கிய அந்த வரி 1992ஆம் ஆண்டு நோட்டிலும் இருந்தது. மறு ஆண்டு தந்தையார் காலமானார்கள்.

இந்த வரியை நாம் அப்போதே பார்த்தோம் என்பதை நேயர்களிடம் மறைக்கப்போவதில்லை. மரண சாசனமும் கடனும் போக மிஞ்சியதுதான் வாரிசுகளுக்கு என்று திருக்குர்ஆனின் நிஸா அத்தியாயம் வற்புறுத்துவதை நாம் அறியாதவரல்லர். பண்ருட்டி மொத்த வியாபாரிக்குத் தரவேண்டியதைத் தந்தோம். ஊரில் இரண்டொருவருக்கு இருந்ததையும் தீர்த்தோம். கோணான்குப்பத்துப் பாக்கியைக் கண்டபோது மட்டும், இருபத்தைந்து ரூபாய்தானே, அதுவும் பஸ் மாறி மாறிப் போகவேண்டிய ஊரில் பெயர்கூடக் குறிக்கப்படாத ஒருவருக்கு, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பெட்டியை மூடினோம். அந்தப் 'பிறகு' வருவதற்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆயின.

ரிஷிவந்தியம் என்றதும் வெளியூரார்க்கு அர்த்தநாரீஸ்வரர் கோயிலும் அங்கு நடைபெறும் தேன் அபிஷேகமும் நினைவுக்கு வரும். 2019 நவம்பர் வரை விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த ஊர், இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது. நம் தந்தையார் இந்த ஊரில் கடை போடுவதற்கு முன்னர் திருவிழாக் கடைக்காரராக இருந்தார்கள். கண்ணாடி வளையல், பாசிமணி, சீப்பு, ரிப்பன், முகம் பார்க்கும் கண்ணாடி, பிள்ளைகளுக்குத் தகர ஊதல், இவைதாம் சரக்கு. சித்திரையில் கூவாகம், மாசியில் விருத்தாசலம், பங்குனியில் மயிலம். எல்லாம் பிற சமயத்தார் விழாக்களே. வளையல் வாங்க வரும் பெண்கள் அத்தாவைப் 'பாய்' என்று அழைத்துக் கையை நீட்டுவார்கள். அத்தா கண்ணைத் தாழ்த்திக்கொண்டே வளையலை ஏற்றிவிடுவார்கள். இந்த வரிசையில் தை மாதத்திற்கு உரியது கோணான்குப்பம்.

கோணான்குப்பம் விருத்தாசலம் வட்டாரத்தில், மங்கலம்பேட்டைக்கும் முகாசாபரூருக்கும் அண்மையில் உள்ள சிற்றூர். அங்கே இருப்பது பெரியநாயகி மாதா கோயில். அதைக் கட்டியவர் இத்தாலியில் 1680இல் பிறந்து, 1710இல் கோவாவில் வந்திறங்கி, தமிழ்நாட்டில் தம் பெயரையும் உடையையும் உணவையும் மாற்றிக்கொண்ட கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. வீரமாமுனிவர் என்றால் நம் பள்ளிப்பிள்ளைகளுக்கும் தெரியும். எகரத்திற்கும் ஏகாரத்திற்கும், ஒகரத்திற்கும் ஓகாரத்திற்கும் இன்று நாம் எழுத்தில் வேற்றுமை காட்டுகிறோமே, அந்தச் சீர்திருத்தத்தோடு இணைத்துச் சொல்லப்படும் பெயர் அவருடையதுதான். சதுரகராதியும் தொன்னூல் விளக்கமும் பரமார்த்த குரு கதையும் அவர் தந்தவை.

அக்கோயில் எழுந்த வரலாறு அந்த வட்டாரத்தில் வாய்மொழியாக வழங்குகிறது. முனிவர் அவ்வழியே காட்டில் சென்றபோது மாதாவின் உருவம் ஒன்று அங்கே தங்கிவிட்டதாம். மாடு மேய்த்த சிறுவர்கள் அதைக் கண்டெடுத்தார்களாம். பிள்ளையில்லாத முகாசாபரூர்க் கச்சிராயர் அதனைப் பேணிப் பிள்ளை பெற்றாராம். அதன் பின்னர் முனிவர் திரும்பிவந்து கச்சிராயர் துணையோடு கோயில் எழுப்பினாராம். இப்படிப்பட்ட கதைகளை அப்படியே ஏற்பது நம் வழக்கமன்று. ஆயினும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். கிறிஸ்தவர் அல்லாத ஒரு பாளையக்காரர் அந்தக் கோயிலுக்குக் காரணராக இருந்தார் என்பதை அவ்வூர்க் கிறிஸ்தவர்கள் மறைக்கவில்லை, பெருமையோடு சொல்கிறார்கள். பெயரிலும் அதே போக்கைக் காண்கிறோம். கல்வராயன் மலையில் பிறந்து வரும் மணிமுக்தா ஆற்றங்கரையில் உள்ள விருத்தாசலத்தில் அம்மன் பெயர் பெரியநாயகி. அந்தப் பெயரையே முனிவர் தம் கோயிலுக்குச் சூட்டினார். உருவத்திற்கும் தமிழ்ப்பெண்ணின் உடையே; படம் எழுதுவித்து மணிலாவுக்கு அனுப்பி அங்கே செய்வித்த சிலை என்பர்.

முகாசா என்ற சொல்லைச் சற்றுப் பார்க்கலாம். வரியில்லாமலோ குறைந்த வரியிலோ ஒருவருக்கு விடப்பட்ட நிலத்தைக் குறிக்கும் சொல் அது. நவாபுகள் காலத்து நிர்வாகத்தோடு நம் ஊர்ப்பெயர்களில் வந்து ஒட்டிக்கொண்ட சொற்களில் ஒன்று. ஆக, சுல்தான்களின் வருவாய்க் கணக்கு தந்த சொல்லைத் தாங்கிய ஊரின் இந்துப் பாளையக்காரர், இத்தாலியப் பாதிரியாருக்கு உதவி, விருத்தாசலத்து அம்மன் பெயரில் ஈசா நபி (அலை) அவர்களின் தாயாருக்கு ஒரு கோயில் எழுந்திருக்கிறது. தென்னார்க்காட்டு மண் இப்படிப்பட்டது.

முனிவருக்கும் முஸ்லிம்களுக்கும் உள்ள தொடர்பும் உண்டு. புதுவை முத்துசாமிப் பிள்ளை 1822இல் எழுதிய முனிவர் சரித்திரத்தில், சந்தா சாகிபைக் காணச் செல்வதற்காக முனிவர் பாரசீகமும் இந்துஸ்தானியும் மிகக் குறுகிய காலத்தில் கற்றார் என்றும், அவருடைய புலமையைக் கண்டு மகிழ்ந்த சந்தா சாகிபு அவருக்கு 'இஸ்மத் சந்நியாசி' என்ற பட்டமும் தம் முன்னோரின் பல்லக்கும் ஊர்களின் வருமானமும் வழங்கினார் என்றும் கூறியுள்ளார். முனிவர் சந்தா சாகிபிடம் திவானாக இருந்தார் என்பதைப் பின்வந்த சேசு சபை ஆராய்ச்சியாளர்களே ஐயுற்றிருக்கின்றனர். 1918இல் பெஸ்கியைப் பற்றி நூல் எழுதிய பெஸ் பாதிரியார் அவர்களில் ஒருவர். நாமும் அந்தத் திவான் கதையைப் பிடித்துக்கொண்டு தொங்கவேண்டியதில்லை. ஆனால் பட்டத்தைப் பாருங்கள். இஸ்மத் என்பது அரபுச் சொல். பாவத்திலிருந்து காக்கப்பட்டிருத்தல் என்பது அதன் பொருள்; நபிமார்களைப் பற்றிப் பேசும்போது நம் உலமாக்கள் கையாளும் சொல். அதனோடு சந்நியாசி என்ற வடசொல் சேர்ந்து ஓர் ஐரோப்பியருக்குப் பட்டமாயிற்று. கதையாகவே இருந்தாலும், அந்தக் கதையைச் சொன்னவர்களுக்கு இந்தச் சேர்க்கை விகாரமாகத் தோன்றவில்லை என்பது உண்மையன்றோ!

இலக்கிய அன்பர்களுக்கு மற்றொன்றும் சொல்லலாம். உமறுப்புலவரின் சீறாப்புராணத்திற்கும் முனிவரின் தேம்பாவணிக்கும் இடையே அதிக காலம் இல்லை. முன்னதில் அரபு நாடு தமிழ் நாடாகவே பூத்துக் குலுங்குகிறது. பின்னதில் யூதேயாவும் அவ்வாறே. இருவருக்கும் முன்னே கம்பர் நின்றார். இரண்டு சமயத்தாரும் ஒரே பள்ளியில் பாடம் கேட்டவர்கள்போல் எழுதினார்கள் என்று நாம் நினைப்பதுண்டு.

இனி, கணக்குக்கு வருவோம்.

1967ஆம் ஆண்டு தை. நமக்குப் பதின்மூன்று வயது. அத்தாவுடன் மாட்டு வண்டியில் கோணான்குப்பம் போனோம். தியாகதுருகத்து மலைக்கோட்டையைப் பார்த்துக்கொண்டே சென்று, எலவனாசூர்க்கோட்டையைத் தாண்டி, உளுந்தூர்ப்பேட்டையில் இரவு தங்கி, மறுநாள் சேர்ந்ததாக நினைவு. கோயில் அப்போது நம் கண்ணுக்குச் சிறியதாகவே பட்டது. தடித்த சுவர், வெள்ளையடிப்பு, முன்னால் தாழ்வாரம். சுற்றிலும் வெட்டவெளி. அந்த வெளி நிறைய வண்டிகளும் அடுப்புப் புகையும் மனிதர்களும்.

கூட்டத்தில் பாதிப்பேர் கிறிஸ்தவர் அல்லர். நெற்றியில் திருநீறு இட்டவர்கள் பிள்ளைக்கு முடியிறக்க வந்திருந்தார்கள். புது நெல்லை மூட்டையாகக் கொண்டுவந்து காணிக்கை வைத்தார்கள். மங்கலம்பேட்டையிலிருந்து வந்த நம்மவர்கள் சர்பத்தும் பேரீச்சம்பழமும் விற்றுக்கொண்டிருந்தார்கள். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் மாட்டு விலை பேசியதும், பெண் பார்த்ததும், பழைய கடனை நினைவூட்டியதும், பங்காளிச் சண்டையைப் பேசித் தீர்த்ததும் அந்தக் கோயில் வெளியில்தான். ஆண்டுக்குப் பத்து நாள் அது ஒரு கச்சேரி, ஒரு சந்தை, ஒரு சத்திரம். மற்ற நாள்களில் ஒரு சிற்றூரின் தொழுகைக்கூடம்.

இரண்டாம் நாள் மாலை, காலம் தவறிய மழை பிடித்துக்கொண்டது. மேலே கட்டியிருந்த கித்தான் கிழிந்தது. வளையலுக்கு மழை என்ன செய்யும் என்று கேட்பீர்கள். வளையல் பிழைத்தது; அட்டைப்பெட்டிகளும் ரிப்பன்களும் காகிதப் பூக்களும் கண்ணாடியின் ரசமும் போயின. அத்தா சரக்கின்மேல் தம் சால்வையைப் போர்த்திவிட்டு நனைந்துகொண்டு நின்றார்கள். அப்போது கையில் அரிக்கேன் விளக்கோடு வந்தவர்தான் கோயில்பிள்ளை. மணியடிப்பது, விளக்கேற்றுவது, கூட்டிப் பெருக்குவது, சாவி வைத்திருப்பது அவர் வேலை. "பாய், பையனை ஏன் நனைய விடுறீங்க? உள்ளே கொண்டாங்க எல்லாத்தையும்" என்றார். அவரே இரண்டு பெட்டிகளைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார்.

அத்தா தாழ்வாரத்தோடு நின்றுகொண்டார்கள். உருவங்கள் இருந்த உள்ளறைக்குள் போகவில்லை. கோயில்பிள்ளையும் வற்புறுத்தவில்லை. இஷா நேரம் வந்தது. தாழ்வாரத்தின் மேற்கு ஓரத்தில் தேருக்காக அலங்கரித்த சுரூபம் ஒன்று நின்றது. அத்தா தயங்கியதை அவர் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. ஒரு படுதாவைக் கொண்டுவந்து இரண்டு தூண்களுக்கிடையே கட்டினார், பெஞ்சை நகர்த்தினார், ஒரு கோரைப்பாயை உதறி விரித்தார். "மேற்கு இதுதான் பாய்" என்று சொல்லிவிட்டு விளக்கோடு உள்ளே போய்விட்டார். அத்தா முன்னே நிற்க நாம் பின்னே நின்று தொழுதோம். மழை இரைச்சலில் அத்தாவின் தக்பீர் நமக்குச் சரியாகக் கேட்கவில்லை.

நஜ்ரான் கிறிஸ்தவத் தூதுக்குழுவினர் மதீனா வந்தபோது, அவர்கள் தொழும் நேரம் வர, மஸ்ஜிதுந் நபவியில் கிழக்கு நோக்கித் தொழுதுகொள்ளப் பெருமானார் (ஸல்) அவர்கள் விட்டுவிட்டார்கள் என்று இப்னு இஸ்ஹாக் எழுதியிருப்பதைப் பின்னாளில் படித்தோம். ஜெருசலம் வீழ்ந்தபோது ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் கிறிஸ்தவர்களின் பெருங்கோயிலுக்குள் தொழ மறுத்து வெளியே படிக்கட்டருகே தொழுத செய்தியும் எல்லோரும் அறிந்ததே. தாம் உள்ளே தொழுதால், நாளை முஸ்லிம்கள் அதைக் காரணம் காட்டிக் கோயிலை எடுத்துக்கொள்வார்கள் என்று அவர்கள் அஞ்சினார்கள். அத்தாவுக்கு இந்த வரலாறெல்லாம் தெரியாது. கோயில்பிள்ளைக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை.

மறுநாள் சரக்கைப் பிரித்துப் பார்த்தபோது அத்தாவின் முகம் கறுத்தது. பண்ருட்டிக்காரருக்குத் தவணை கட்டவேண்டும், வண்டிக்கூலி தரவேண்டும். கையில் ஒன்றுமில்லை. கோயில்பிள்ளை அறுபது ரூபாய் கொடுத்தார். எழுத்து இல்லை, சாட்சி இல்லை, வட்டி என்ற பேச்சே இல்லை. 1968 தையில் அத்தா 20 ரூபாயும், 1969இல் 15 ரூபாயும் கொடுத்தார்கள். அதற்கடுத்த ஆண்டு காலில் ஏற்பட்ட நோயால் திருவிழாக் கடையை விட்டு ஊரிலேயே கடை வைத்தார்கள். ஒருமுறை வண்டிக்காரர் ஒருவரிடம் பணம் கொடுத்தனுப்பினார்கள். கோயில்பிள்ளை வெளியூர் போயிருக்கிறார் என்று பணம் திரும்பி வந்தது. அதன் பிறகு நோட்டில் அந்த வரி மட்டும் நின்றுவிட்டது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வட்டாரத்தில் ஒரு ஜனாஸாவுக்குச் சென்றிருந்தோம். தொழுகைக்கு முன்னர் வழக்கம்போல், மையித்து யாருக்காவது கடன்பட்டிருந்தால் வாரிசுகளிடம் வந்து தெரிவியுங்கள் என்று அறிவித்தார்கள். எத்தனையோ முறை கேட்ட அறிவிப்புத்தான். அன்று என்னவோ நெஞ்சில் தைத்தது. நம் தந்தையாரின் ஜனாஸாவிலும் நாமே எழுந்து நின்று இதைச் சொன்னோமே! கூட்டத்தில் கோணான்குப்பத்தார் யாரும் இல்லை என்பதைத் தெரிந்துகொண்டே அல்லவா சொன்னோம்! கடனை விட்டு இறந்தவருக்கு, வேறொருவர் அந்தக் கடனை ஏற்கும்வரை, பெருமானார் (ஸல்) அவர்கள் தாமே நின்று தொழுவிக்கத் தயங்கினார்கள் என்ற ஹதீஸ் அன்று இரவு நம்மைத் தூங்கவிடவில்லை.

பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போனோம். நமக்கு இரண்டு கேள்விகள் இருந்தன. கடன் கொடுத்தவர் கோயில் ஊழியர். இது எதிலும் குறுக்கிடுமா? ஹஜ்ரத் சிரித்தார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் வஃபாத்தானபோது அவர்களுடைய இரும்புக் கவசம் முப்பது ஸாவு வாற்கோதுமைக்காக ஒரு யூதரிடம் அடகில் இருந்ததே, கடனுக்கு மார்க்கம் பார்ப்பார் உண்டோ என்றார்கள். அடுத்தது, இருபத்தைந்து ரூபாய் அன்று ஒரு பெருந்தொகை. இன்று தேநீருக்கும் வடைக்கும் ஆகிறது. எதைக் கொடுப்பது? இங்கே ஹஜ்ரத் சற்று யோசித்தார்கள். வாங்கிய அளவைத் திருப்பித் தருவதே பெரும்பாலோர் கொண்ட சட்டம். செப்புக் காசு மதிப்பிழந்தால் கடன் கொண்ட நாளின் மதிப்பைத் தரவேண்டும் என்பது நம் ஹனஃபி மத்ஹபில் இமாம் அபூ யூசுஃப் (ரஹ்) அவர்களின் கருத்து. இன்றைய காகிதப் பணத்திற்கு அதைப் பொருத்துவதில் உலமாக்களிடையே பேச்சு உண்டு. "கடன் இருபத்தைந்தைக் கடனாகக் கொடுங்கள். மேலே உங்கள் மனம் எவ்வளவு சொல்கிறதோ அதை நிபந்தனையில்லாமல் கொடுங்கள். வாங்கியதைவிடச் சிறந்ததைத் திருப்பிக் கொடுப்பது சுன்னத்" என்றார்கள். வாரிசுகளே இல்லாமற்போனால் அவர்கள் பெயரால் ஏழைகளுக்குத் தந்துவிடலாம் என்றும், ஆனால் தேடிய பிறகே என்றும் சொன்னார்கள். அந்த 'தேடிய பிறகே' என்பதை இரண்டு முறை அழுத்திச் சொன்னார்கள். நம் முகத்தில் எதையோ பார்த்திருக்கவேண்டும்.

பேரனை அழைத்துக்கொண்டு புறப்பட்டோம். கல்லூரியில் படிக்கும் பிள்ளை. "நன்னா, போன் நம்பர் கேட்டு அனுப்பிவிடலாமே, எதுக்கு இவ்வளவு தூரம்?" என்றான். யாருடைய நம்பரைக் கேட்பது என்றோம். பேசாமல் வந்தான்.

உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் போகையில் எறையூரை நினையாதிருக்க முடியவில்லை. அங்கும் ஒரு மாதா கோயில் உண்டு. தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று தலித் கிறிஸ்தவர்கள் கேட்டதிலிருந்து வளர்ந்த மோதலில் 2008 மார்ச் 9ஆம் நாள் போலீசார் சுட்டு இருவர் இறந்தனர். ஒரே மாதாவைக் கும்பிடுகிறவர்கள் ஒரே வழியில் நடக்க முடியவில்லை. இதை எழுதுவது பிறரைக் குறை காண்பதற்கன்று. ஸஃப்பில் தோளோடு தோள் நிற்கும் நாம், பெண் கொடுத்து எடுப்பதில் யார் யாரை ஒதுக்குகிறோம் என்பது நமக்குத் தெரியும். கோணான்குப்பத்துத் தாழ்வாரத்தை மட்டும் பாடிவிட்டு எறையூரை விழுங்கிவிட்டால் அது பொய்க் கணக்காகிவிடும்.

கோயில் மாறியிருந்தது. நாம் கண்ட வெட்டவெளி குறுகியிருந்தது. பங்குத் தந்தை இளைஞர். நாம் வந்த காரியத்தைச் சொன்னதும் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரவைத்தார். பெயர் தெரியாது, அறுபதுகளில் கோயில்பிள்ளையாக இருந்தவர் என்று மட்டும் சொன்னோம். அவர் உள்ளே போய் நீண்ட பழைய பதிவேடுகளை எடுத்துவந்தார். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம், ஒவ்வொன்றுக்கும் ஒரு புத்தகம். அரசாங்கம் இவர்களில் பலரைப் பற்றி ஒரு வரிகூட எழுதிவைத்திராது. இந்தச் சிறு கோயில் எழுதிவைத்திருக்கிறது. நம் ஜமாஅத்து நிக்காஹ் தப்தர் நினைவுக்கு வந்தது. செல்லரித்த அந்தப் புத்தகத்தைப் புதிதாகப் பைண்டு செய்யவேண்டும் என்று மூன்று ஆண்டுகளாகப் பேசிக்கொண்டே இருக்கிறோம்.

பதிவேட்டோடு நினைவும் வேண்டியிருந்தது. மெழுகுவர்த்தி விற்கும் மூதாட்டியை அழைத்துக் கேட்டார்கள். அந்த அம்மாள் ஒரு பெயரைச் சொல்ல, தந்தை அடக்கப் பதிவேட்டைப் புரட்டி அதே பெயரைக் கண்டுபிடித்தார். 1978இல் அடக்கமாகியிருந்தார். அத்தாவின் நோட்டில் அந்த வரி அதன் பிறகும் பதினான்கு ஆண்டுகள் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. அந்தப் பெயரை இங்கே எழுதுவது முறையன்று. மகள் ஒருவர் பின்தெருவில் இருக்கிறார் என்றார்கள்.

எழுபதைக் கடந்த அம்மையார். திண்ணையில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தார். பங்குத் தந்தை அனுப்பிய பையன் விஷயத்தைச் சொன்னான். அவர் நம்மை உற்றுப் பார்த்தார். "வளையல்கார பாய் மகனா? மழையில நனைஞ்சுகிட்டு நின்ன பையனா நீங்க?" என்றார். நமக்குத் தொண்டை அடைத்தது. நம் தந்தையார் முகத்தை உலகில் நினைவு வைத்திருப்பவர்கள் சிலரே. அவர்களில் ஒருவர், நாம் முப்பது ஆண்டு வராமலிருந்த இந்தத் திண்ணையில் இருந்திருக்கிறார்.

"அந்த அறுபது ரூபாயா? அது என் தோட்டுக்காக அப்பா சேர்த்து வெச்சது. அம்மா அன்னைக்குப் போட்ட சண்டை எனக்கு இன்னும் காதுல இருக்கு" என்று சிரித்தார். நாம் தலை குனிந்தோம். "அட, தோடு மறுவருஷமே வந்துடுச்சுங்க பாய். உங்க அப்பா ரெண்டு வருஷமும் எனக்குச் சிவப்புக் கண்ணாடி வளையல் டஜன் கணக்குல குடுத்தாரு. மீதிக்கு அந்த வளையல் சரியாப் போச்சுன்னு எங்கப்பா சொல்லிட்டாரு. பாக்கி ஏதும் இல்லையே."

இங்கேதான் சிக்கல். கோயில்பிள்ளையின் கணக்கில் வளையல் கடனுக்கு ஈடு. அத்தாவின் நோட்டில் வளையல் பற்றிய எழுத்தே இல்லை. அதை அவர்கள் அன்பளிப்பாகத்தான் கொடுத்திருக்கவேண்டும். ஆகவே பாக்கியைக் குறைக்கவில்லை. இருவரும் காலமாகிவிட்டார்கள். யார் கணக்குச் சரி என்று நாம் யாரைக் கேட்பது? கடன் கொடுத்தவரே தள்ளிவிட்டார் என்று அவர் மகள் சொல்கிறார். தள்ளியது அத்தாவுக்குத் தெரியவில்லை என்று நோட்டு சொல்கிறது. ஹஜ்ரத்திடம் இதையும் கேட்டுக்கொண்டு வந்திருக்கலாமே என்று தோன்றியது.

நாம் நோட்டைக் காட்டினோம். ஒவ்வொன்றாகப் பிரித்து அந்த வரியைப் பேரன் படித்துக்காட்டினான். 1971, 1975, 1980, 1986. அம்மையார் கடலை உரிப்பதை நிறுத்திவிட்டார். கடைசி நோட்டு வந்ததும் கையை நீட்டினார். "இவ்வளவு வருஷம் எழுதி வெச்சிருக்காருன்னா வாங்காம இருக்கப்படாது. இருபத்தஞ்சு ரூபா குடுங்க."

நாம் ஐந்நூற்று இருபத்தைந்து எடுத்து வைத்தோம். இருபத்தைந்தை மட்டும் எண்ணி எடுத்துக்கொண்டு, ஐந்நூறு ரூபாய் நோட்டை நம் பக்கமே தள்ளினார். இது அன்பளிப்பு என்றோம், பேரனும் சொல்லிப்பார்த்தான். "அன்பளிப்பா வந்தது வளையல். அது வந்து சேர்ந்துடுச்சு" என்று முடித்துவிட்டார். அதற்கு மேல் பேசமுடியவில்லை. கடலையில் ஒரு படி அளந்து பேரன் பையில் கொட்டினார். மோர் கொடுத்தார். வேளை ஆகிவிட்டதென்று நாம் எழுந்தபோது, "தொழுகணும்னா அந்தத் தாழ்வாரம் இப்ப இல்லீங்க, இடிச்சுக் கட்டிட்டாங்க. இந்தத் திண்ணையிலேயே தொழுதுக்கலாம்" என்றார். மருமகளை அழைத்துப் பாய் எடுத்துவரச் சொன்னார்.

அந்தத் திண்ணையில் லுஹர் தொழுதோம். இம்முறை நாம் முன்னே நின்றோம். பேரன் பின்னே நின்றான்.

ஊர் திரும்பியதும் கடைசி நோட்டை எடுத்து அந்த வரிக்கு நேரே தேதியிட்டு 'தீர்ந்தது' என்று எழுதினோம். கை நடுங்கி எழுத்துக் கோணலாயிற்று. ஐந்நூறு ரூபாய் நோட்டை என்ன செய்வதென்று தெரியாமல் அந்தப் பக்கத்திலேயே வைத்து மூடினோம். நிக்காஹ் தப்தரைப் பைண்டு செய்யக் கொடுத்துவிடலாம் என்கிறான் பேரன். ஹஜ்ரத்தைக் கேட்கவேண்டும்.